மௌனம் சம்மதமாகுமா?

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



நான் கிராணி, பெரட்டில் பேர் கூப்பிடுகிறவன். ஆகவே இங்கு சொல்லப்போவதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

"அந்தக் காலத்து ஜனங்கள் அடங்கி நடந்தார்கள்; இப்போது எதற்கும் எதிர்ப்பேச்சு" என்று உத்தியோகஸ்தர் சிலர் குறைப்படுகிறார்கள். அடங்கி நடந்தது உண்மைதான். ஏன் அடங்கினார்கள்?

1930-ஐ ஒட்டி ரப்பர் விலை சரிந்தது. கூலி குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்குக் கப்பலேற்றப்பட்டனர். வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்த நிலையில் துரை அதட்டினால் யார் வாய் திறப்பார்? சைக்கிளில் வருகிறவன் துரையைக் கண்டதும் இறங்கி நின்றான். கிராணியைக் கண்டும் இறங்கினான்.

1938-ல் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய சர்க்கார் நிறுத்தியது. ஒருவனை விரட்டினால் அடுத்த கப்பலில் வேறொருவன் வருவான் என்ற காலம் முடிந்தது. யுத்தம் வந்து ரப்பருக்குக் கிராக்கி ஏறியது; சாமான் விலையும் ஏறியது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு, சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்பதும் கோரிக்கையாயிற்று. ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, உயிர்கள் பலியாயின.

துரையின் அதட்டல் பழைய அதட்டல்தான். நிலைமை மாறியதால் பதில் மாறியது.

என் அனுபவம் ஒன்று. நான்கு நாள் விடாத மழை, மரம் வெட்டவில்லை. ஐந்தாம் நாள் பெரட்டுக்குத் தாமதமாக வந்த ஓர் அம்மாவைக் கடிந்தேன். எப்போதும் சிரித்துவிட்டுப் போகிறவர், அன்று வாளியைக் கீழே வைத்தார். "நாலு நாளா அடுப்பு எப்படி எரிஞ்சதுன்னு கேட்டீங்களா, ஐயா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வெயில் நாளில் அவர் பொறுத்த சொல், அன்று சுட்டுவிட்டது.

உத்தியோகஸ்தத் தோழர்களே, குரலை உயர்த்துமுன் எதிரே நிற்பவரின் நிலைமையைக் கேளுங்கள். தொழிலாளத் தோழர்களே, குறையை லயத்துக்குள் முணுமுணுக்காமல் சங்கக் கிளையில் சொல்லுங்கள்.

இன்னொன்று. இன்று இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் தோட்டங்களில் நம்மோடு வேலை செய்கிறார்கள். என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். நல்ல ஆட்கள் என்று மெச்சுகிறோம். நம் பாட்டன்மாரும் அப்படித்தான் தலையாட்டினார்கள். அது சம்மதமா, பயமா என்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டியவர்கள் நாம்தான்.