அப்பாயி சொன்ன சேதி



மலையக வாய்மொழி இலக்கியம் என்றதும் நம் நினைவுக்கு வருவன தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி, காமன் கூத்து, பொன்னர் சங்கர் முதலியவை. சி. வி. வேலுப்பிள்ளை சேகரித்த பாடல்கள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக வெளிவந்தன. அந்நூல் வராதிருந்தால் எத்தனையோ பாடல்கள் பாடிய வாயோடு போயிருக்கும். ஆயினும், பாட்டாகவும் கூத்தாகவும் அமையாததாலேயே நமது பட்டியல்களில் இடம்பெறாமல் போன ஒன்று உண்டு. லயத்துக் கிழவிமார் தமது சொந்தபந்தங்களின் சேதியைச் சொல்லும் முறையே அது. யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யாருக்குத் தோட்டத்தில் பேர் பதிந்தது, எந்தப் பிள்ளை பெரிய மனுஷியானாள் என்ற சேதிகளில் என்ன இலக்கியம் இருக்கிறது என்று கேட்கலாம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்தச் சேதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. காகிதத்தில் இது கணக்கு. லயத்திலோ அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை, மருமகனுக்கு இன்னும் முடிவில்லை என்று ஆயிற்று. தலைமன்னாருக்குப் போன இரயிலை நம்மவர்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். அந்தப் பிரிவைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் எனக்கொரு குறை. நம் கதைகளிற் பல, கோச்சி நகர்ந்ததும் முடிந்துவிடுகின்றன. கோச்சி போன பிறகு முப்பது வருடம் அந்தக் குடும்பம் எப்படி ஒரு குடும்பமாகவே இருந்தது என்பதைக் கதாசிரியர்கள் அதிகம் தொடவில்லை. அந்த வேலையைக் கிழவிமார் கடுதாசியில் செய்துகொண்டிருந்தார்கள்.

என் அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்திலிருந்து அவருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தவன் நான். அவருடைய மூத்த அண்ணன் குடும்பம் கோத்தகிரியில் இருந்தது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், இங்கு பறித்த அதே கொழுந்தை அங்கும் பறித்தார்கள். மூத்த மகள், எனக்குப் பெரியத்தை, கர்நாடகத்தில் சுள்ளியாவில் றப்பர் பால் வெட்டினார். தம்பி குடும்பம் 1977 வன்செயலுக்குப் பின் கிளிநொச்சிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியது. இங்கு நின்றவர்கள் நாங்கள். இந்த நான்கு இடத்தையும் ஒரு முற்றத்துக்குள் வைத்துப் பேசுவதுதான் அப்பாயியின் கலை.

பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் கடுதாசி எழுதுவோம். இஸ்தோப்பில் படங்கை விரித்து அமர்ந்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தொடங்குவார். "இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" என்பதை என் பொறுப்பில் விட்டுவிடுவார். அதற்குப் பிறகு வருவது அவருடையது. முதலில் அங்குள்ளவர்கள் ஒவ்வொருவரையும் மூப்புப்படி விசாரிக்க வேண்டும். "அண்ணனை எழுதிட்டியா? இப்ப மதினிய எழுது. மருமகனுக்கு முன்னாடி மகள எழுதாத, அவரு கோவிச்சுக்குவாரு" என்பார். சும்மா "சுகமா" என்று யாரையும் கேட்கமாட்டார். அண்ணனிடம் இருமல் பற்றி, மதினியிடம் கிடாரிக் கன்று பற்றி, பேரனிடம் எட்டாம் வகுப்புப் பற்றி. ஆளுக்கொரு கேள்வி. பிறகு இங்குள்ளவர்களின் முறை.

"பெரியவனுக்கு மூணாம் நம்பர் மலையில கவ்வாத்து. சின்னவன் பொண்டாட்டிக்குப் பேர் பதிஞ்சாச்சு. மழையில்ல, கொழுந்து வரத்துக் கொறவு, பத்து நாளா அரைப் பேருதான். நம்ம லயத்துக்குத் தகரம் மாத்துனாங்க, நம்ம காம்பிராவுக்கு வர்றப்ப தகரம் முடிஞ்சு போச்சு. மாரியம்மன் திருவிழாவுக்குச் சின்னவன்தான் கரகம் எடுத்தான். எனக்கு ஒண்ணுமில்ல."

ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் அவருடைய ஒரு கடுதாசி. ஓர் ஆளுக்கு ஒரு வாக்கியம். முறைப்பாடு இருக்கிறது, ஆனால் யார் மீதும் புகார் இல்லை. தகரம் முடிந்துபோன வாக்கியத்தைச் சிறுகதை எழுதும் எந்த மாணவனுக்கும் நான் உதாரணம் காட்டுவேன். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதைகளில் நாம் வியக்கும் சிக்கனம் வானத்திலிருந்து வந்ததல்ல. அது லயத்துப் பேச்சிலேயே இருந்தது.

பதில் வந்தால் கதை வேறு. நான் வாசிப்பேன், அப்பாயி கேட்பார். மறுநாள் காலையில் கொழுந்து மலையில், நிரைக்கு நிரை, அதே சேதி அவர் வாயால் நடக்கும். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரியாகச் சொல்லமாட்டார். கோத்தகிரி அண்ணன் மகன் கல்வீடு கட்டிய சேதியை, இந்தியாவுக்குப் பதிந்துவிட்டுக் கடைசியில் போக முடியாமல் நின்றுவிட்ட பக்கத்துக் காம்பிராக்காரியிடம் சொல்லும்போது, "கல்லு வீடுதான், ஆனா தண்ணிக்கு ஒரு மைல் நடக்கணுமாம்" என்று சேர்ப்பார். தண்ணீர்ச் சங்கதி கடுதாசியில் இருந்ததுதான். எங்கே எடுத்து வைப்பது என்பதில் இருந்தது அவருடைய தீர்ப்பு. அங்கு போனவர்களை ஊரார் 'சிலோன்காரர்' என்று அழைத்ததையும் கடுதாசியில் வாசித்தேன். அதை மட்டும் அவர் மலையில் யாருக்கும் சொன்னதில்லை.

அப்பாயி காலமான பின் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கம்பியில் குத்திய கடுதாசிகள், பெரும்பாலும் நீல நிற விமானத் தபால்கள், ஒரு கட்டு இருந்தன. அவை எல்லாம் வந்தவை. அவர் சொல்லி நான் எழுதியவை கோத்தகிரிக்கும் சுள்ளியாவுக்கும் போனவை. எனவே என்னிடம் இருப்பது ஒரு பேச்சின் பாதி. பதிலைக் கொண்டு கேள்வியை ஊகிக்க வேண்டும். அந்தக் கட்டை வரிசைப்படுத்தியபோதுதான் ஒன்று புலப்பட்டது. அதில் ஒரு சாவுச் சேதியும் இல்லை.

காரணம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. நல்ல சேதிக் கடுதாசியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். அது வீட்டில் தங்கும். சாவுக் கடுதாசியை வாசித்த கையோடு கிழித்துப் போடுவார்கள். அது வாசற்படி தாண்டாது. ஆகவே மலையகக் குடும்பங்களின் பெட்டிகளில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அன்றாடச் சேதிகளே. அப்படியானால் செத்தவர்களை அந்தக் கடுதாசிகளில் எங்கே தேடுவது? விசாரிப்பு வரிசையில்தான். கோத்தகிரி மதினி 1993 வரை ஒவ்வொரு கடுதாசியிலும் மூன்றாவது ஆளாக என் அப்பாயியின் மாமியாரை விசாரித்திருக்கிறார். அதற்கடுத்த கடுதாசியில் மூன்றாவதாக வேறொருவர் வந்துவிடுகிறார். ஒரு சொல் விளக்கம் இல்லை. வரிசை மட்டும் ஓர் இடம் மேலே நகர்ந்திருக்கிறது.

இதில் கிளிநொச்சித் தம்பியின் விடயம் தனியானது. யுத்த காலத்தில் வருடக்கணக்காக அங்கிருந்து ஒரு வரியும் வரவில்லை. எனினும் கோத்தகிரிக்கு எழுதும் ஒவ்வொரு கடுதாசியிலும் அப்பாயி அந்தப் பெயரை விட்டதில்லை. மற்ற எல்லாரையும் "நல்லா இருக்காங்க" என்று சொல்பவர், அவ்விடம் வந்ததும் "தம்பி வீட்டுல நல்லா இருப்பாங்க" என்பார். நான் வாசித்துக் காட்டும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் கூர்ந்து கேட்பார். எதிர்கால வினைமுற்று ஊகத்தையும் உணர்த்தும் என்பதை வகுப்பறையில் இப்போது கற்பிக்கிறேன். எழுத்தறியாத ஒரு பெண், பொய்யும் சொல்லாமல் நம்பிக்கையையும் விடாமல், ஒரு 'ப்'பின் மேல் தன் தம்பியைப் பத்து வருடம் உயிரோடு வைத்திருந்தார். சேதி இல்லாதவர் செத்தவர் அல்லர். எனவே வரிசையில் அவருக்கு இடமுண்டு.

2002இல் போர்நிறுத்தம் வந்து கண்டி - யாழ்ப்பாணம் வீதி திறந்தது. அந்த வருடம் கிளிநொச்சியிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. தம்பியே எழுதியிருந்தார். அக்காவின் வரிசை அவருக்கு மறக்கவில்லை. "மச்சானுக்குக் கால்வலி எப்படி, கோத்தகிரி அண்ணனுக்கு இருமல் எப்படி" என்று தொடங்கி ஒருவர் விடாமல் விசாரித்திருந்தார். மச்சான் என்றது என் தாத்தாவை. அவர் போய் ஆறு வருடமாகியிருந்தது. கோத்தகிரிப் பெரியவரும் அதற்கு முன்னரே போய்விட்டார்.

அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தோம். மஞ்சள் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் பேனாவைத் திறந்து, தாத்தாவைப் பற்றி எப்படி எழுதட்டும் என்று கேட்டேன்.

"தாத்தாவையும் அண்ணனையும் எழுதாத. மத்தவங்கள வரிசையா எழுது. அவனுக்கு வெளங்கும்" என்றார்.