கூண்டுப் பறவைக்கும் தினசரிக் கணக்கு வேண்டும்
(நலச்சங்கக் கூட்டத்தில் பேசியது)



கதிர்காமத்தில் இப்போது பல பால்கனிகளில் லவ் பேர்ட்ஸ் கூண்டு இருக்கிறது. கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பட்ஜி. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, காலையில் செத்துக் கிடக்குது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது ஒரே இரவில் வந்த நோய் அல்ல. தளர்ந்த பறவையைத்தான் எதிரி முதலில் பிடிக்கும். அதனால் பறவை தன் நோயை மறைத்துக்கொள்ளும். நம் கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும்.

வங்கியில் அன்றைய கணக்கு நேராகாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். கூண்டுக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எச்சம். கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். நல்ல எச்சத்தில் பச்சையோ பழுப்போ ஒரு பகுதி, வெள்ளை ஒரு பகுதி இருக்கும். நீராகப் போனாலும், எண்ணிக்கை குறைந்தாலும், வெள்ளைப் பகுதி மஞ்சளானாலும் கவனியுங்கள்.

அடுத்து எடை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பட்ஜி சுமார் 30 முதல் 40 கிராம்தான் இருக்கும். அதில் 3, 4 கிராம் குறைந்தாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. தினைக் கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஊதிப் பாருங்கள், மேலே வெறும் உமியாக இருக்கும்.

பகலிலும் இறகை உப்பிக்கொண்டு தூங்குவது, கூண்டின் தரையில் உட்காருவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது ஆகியவை அவசர அறிகுறிகள். உடனே தனிக்கூண்டில் வைத்து, வெளியிலிருந்து ஒரு பல்பின் கதகதப்பு கொடுங்கள். நமக்கு வந்த மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வைக்காதீர்கள். நோயுற்ற பறவை தண்ணீரே சரியாகக் குடிக்காது. பக்கத்திலேயே குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது அன்றைய எச்சத் தாளையும் எடுத்துப் போங்கள்.

புதிதாக வாங்கிய பறவையை 30 நாள் வேறு அறையில் வையுங்கள்.

கடைசியாக, நம் வீட்டாரின் நலம். சிட்டகோசிஸ் என்ற நோய் காய்ந்த எச்சத் தூசி வழியாக மனிதருக்கும் தொற்றும். காய்ச்சல், இருமல் வரும், நுரையீரலையும் பாதிக்கும். தாளை நனைத்து, மடித்துக் குப்பையில் போடுங்கள். பால்கனியில் உதறினால் கீழ்வீட்டுக் குழந்தை மேல் விழும். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனால், வீட்டில் பறவை வளர்ப்பதையும் சொல்லுங்கள்.

தினமும் காலையில் ஐந்து நிமிடம் போதும்.