30 புத்தகமும் 140 நிமிஷமும்



"படக்கதை சினிமாவானாலும் கதை பிழைக்கும்" என்று எதிரணித் தங்கை அடித்துச் சொன்னார். பிழைக்காதம்மா! (சிரிப்பு)

ஜப்பானில் படக்கதைக்குப் பேரு மாங்கா. உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுக்கிற மாங்கா இல்லீங்க! (சிரிப்பு) ஹிரோவாகி சாமுரா 1993-லிருந்து 2012 வரை வரைந்த மாங்கா 'பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்'. மொத்தம் 30 புத்தகம்.

அப்பா அம்மாவைக் கொன்றவர்களைப் பழிவாங்க ரின் என்கிற சின்னப் பொண்ணு கிளம்புறா. துணைக்கு மான்ஜி என்கிற சாமுராய். வெட்டினாலும் சாகமாட்டான், உடம்பு ஒட்டிக்கும். போகப் போக ரின்னுக்கு ஒரு சந்தேகம்: எதிரியும் மனுஷன்தானே? அவனைக் கொன்றால் என் துக்கம் தீருமா? இந்தத் தவிப்புதானய்யா கதையின் உயிர்!

2017-இல் தகாஷி மீக்கே இதைப் படமாக எடுத்தார். பெரிய டைரக்டர். தக்குயா கிமுரா, பெரிய ஹீரோ. ஆசையாகப் பார்த்தேன். 140 நிமிஷம். ஒருத்தன் வர்றான், வசனம் பேசுறான், விழறான். அடுத்தவன் வர்றான், விழறான். கடைசியில் கும்பல் கும்பலா விழறாங்க. பிணத்தை எண்ணினேனே தவிர, ஒருத்தனுக்காகவும் கண் கலங்கலை! (கைதட்டல்)

சண்டை பிரமாதம், ஒத்துக்கிறேன். ஆனா சாகாத ஆளுக்குக் கத்தியால் என்னங்க ஆபத்து? ஆபத்தெல்லாம் மனசிலேதான். அதைக் காட்ட நேரம் வேணும். அந்த நேரத்தைச் சண்டை தின்றுவிட்டது.

நடுவர் அவர்களே, மாங்காயை நறுக்குவது நொடி வேலை. ஊறினால்தான் ஊறுகாய்! இவர்கள் நறுக்கினார்கள், ஊறவிடவில்லை. (பலத்த கைதட்டல்)