புழுங்கலரிசியின் பெருமை

விருந்தாளி வந்தால் புழுங்கலரிசிச் சோறு போடக் கூச்சப்படுகிறோம். அது சரிதானா?

1905-ஆம் ஆண்டு, கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர், நோயாளிகளில் ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துவந்தார். பச்சரிசி உண்டவர்களில் பலருக்குக் கால் வீங்கி நடை தளரும் பெரிபெரி நோய் கண்டது, பலர் மாண்டனர். புழுங்கல் உண்டவர்களிடம் நோய் புதிதாகத் தோன்றவில்லை.

காரணம் என்ன? நெல்லை உமியோடு அவிக்கும்போது வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். அந்நாளில் தோட்டங்களில் நம் பாட்டன்மார் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பியது இதனால்தான்.

ஆகவே, புழுங்கலை மதிப்போம். அரிசியைப் பலமுறை களைய வேண்டாம். வடித்த கஞ்சியைக் கொட்டாமல், உப்பிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். கூடவே முருங்கைக்கீரையும் பருப்பும் இருக்கட்டும்.