உடனிருப்போர் கடன்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருவள்ளுவனார் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டில், மருத்துவம் நான்கு கூறுடையதென வகுத்துள்ளார். நோயுற்றோன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிபுரிவோன் என்பன அவை. முன் மூன்றனைப் பற்றிப் பலரும் பேசுவர். நான்காவதைப் பற்றிப் பேசுவார் அரியர். அந்நான்காங் கூறு நாமே. ஆடவர் வாய்திறந்து சொல்ல நாணும் ஒரு நோயை முன்னிட்டு, நம் கடனை இன்று ஆராயப் புகுந்தோம்.

அந்நோய், புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய். இச்சுரப்பி ஆடவர்க்கே உரியது. சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர் செல்லும் வழியைச் சூழ்ந்திருப்பது. நோய் பெரும்பாலும் முதுமையில் வருவது. பலரிடத்து மெல்ல வளர்வது. காலத்தே கண்டால் பெரும்பாலும் தீர்க்கத்தக்கது. ஆயினும் உடல் பிழைத்தும் உள்ளம் சோர்வோர் பலர். காரணம் யாதெனின், அறுவை மருத்துவத்திற்குப்பின் சிலர்க்குச் சிறுநீர் தம்மையறியாது கசியும். இல்லற இன்பத்துக்குரிய ஆற்றலும் குன்றும். கதிர்வீச்சினாலும் இத்தகைய இடர்கள் நேர்தலுண்டு. திருமணப் பந்தியில் அமரவும் பேருந்தில் ஏறவும் அஞ்சித் திண்ணையோடு ஒடுங்கும் பெரியவரைச் 'செருக்குற்றார்' என ஊரார் இகழ்வர். அவர் அஞ்சுவது வேட்டி நனைதற்கே என்பதை யார் அறிவார்?

இனி மற்றொன்று. 1941-ஆம் ஆண்டில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறிஞர், ஆணியற் சுரப்புநீரை அடக்கினால் இந்நோய் ஒடுங்கும் எனக் காட்டினார். 1966-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பரவிய நோய்க்கு அவ்வழி மருந்துகளை இன்றும் வழங்குவர். அவற்றால் உடல் திடீரெனக் கொதித்து வியர்க்கும், களைப்பு மிகும், சிலர்க்கு மார்பு பருக்கும், மனம் வாடிக் கண்ணீர் பெருகும். குடும்பத்தைத் தாங்கிய தந்தை ஒரு சிறு சொல்லுக்கு அழக்கண்டு மக்கள் திகைப்பர். அவரோ தம்மையே வெறுப்பர். அன்பர்களே, அது மனத்திட்பக் குறைவன்று, மருந்தின் செயலுமாகலாம். இதனை வீட்டார் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். 'ஆண்மை' என்னுஞ் சொல்லுக்கு ஆளுந்தன்மை என்று உரையாசிரியர் பொருளுரைப்பர். அத்தன்மை ஒரு சுரப்பியில் அடங்குவதன்று.

நிற்க. நாம் செய்யத்தக்கன யாவை?

மருத்துவரிடம் செல்லுங்கால் மனைவியும் உடன் செல்க. இல்லறம் பற்றியும் இருவரும் கூசாது வினவுக. அக்குறைக்கு மருந்தும் கருவியும் உள. கசிவு, இடுப்படித் தசைப் பயிற்சியால் பலர்க்குச் சில திங்களிற் குறையும். ஈரம் உறிஞ்சும் உள்ளாடையும் கிடைக்கும்.

அவர் அச்சத்தைச் சொல்லத் தொடங்கும்போது, "ஒன்றுமில்லை, தைரியமாயிரும்" என்று வாயடைத்தல் ஆகாது. சொல்லி முடிக்கும்வரை கேட்டலே முதலுதவி.

பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனையின் முடிவை எதிர்நோக்கும் நாட்கள் கொடியவை. மருத்துவம் முடிந்தோர்க்கும், உடனே மருத்துவம் வேண்டாது கண்காணிப்பில் இருப்போர்க்கும் அவ்வச்சம் உண்டு. அந்நாட்களில் அவரைத் தனியே விடற்க. மாலைதோறும் அவரோடு சிறிது தொலைவு நடந்து வருக. நடை களைப்பையும் குறைக்கும்.

உறக்கமும் உணவும் பேச்சும் ஒழிந்து, "நான் எல்லார்க்கும் பாரம்" என்று அவர் கூறத் தொடங்கின், நாள் கடத்தாது மருத்துவரிடம் தெரிவிக்க. 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. இரவும் பகலும், செலவின்றித் தமிழிலேயே பேசலாம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இம்மருத்துவம் முடித்து நலம் பெற்றோர் நம் சங்கத்தில் இருப்பின், புதிதாய் நோயுற்றார் இல்லத்துக்கு, அவர் இசைவு பெற்று, ஒருமுறை சென்று வருவாராக. "எனக்கும் இவ்வாறே இருந்தது" என்னும் சொல்லை அவரன்றி வேறு யாரும் சொல்லவியலாது. அதற்கு முன்வருவோர் பெயரைச் செயலாளர் மறைவாகப் பெற்றுக்கொள்வாராக.