தட்டின் நீளமும் பாட்டின் நீளமும்

(குற்றாலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

யார் நினைவாக இச்சொற்பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவருக்கு நீண்ட முகவுரைகள் பிடிக்காது என்று சொன்னார்கள். அவர் விருப்பப்படியே நடந்துகொள்கிறேன். சீசன் நாளில் அருவியை விட்டுவிட்டு அரங்குக்கு வந்தவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதையும் அதுதான்.

தலைப்பைப் பார்த்ததுமே பலருக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். மேடையில் கச்சேரி நடக்கும்போது பிடித்த ஒலிப்பதிவை இசை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளலாமா, அல்லது ஒலிப்பதிவுக் கூடத்தில் நிதானமாகச் செய்த பதிவுதான் சான்றா என்பது எங்கள் துறையில் ஒரு பழைய வழக்கு. அதில் நான் எந்தக் கட்சி என்பது முன்வரிசையில் இருக்கும் நண்பர்கள் இருவருக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வந்திருப்பதில் மகிழ்ச்சி. அறக்கட்டளைச் சொற்பொழிவில் குறுக்குக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை என்பதில் கூடுதல் மகிழ்ச்சி.

செங்கோட்டைக்காரரை முன்வைத்து

இதோ பக்கத்தில் இருக்கிற செங்கோட்டையில் 1906இல் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. அப்போது அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956இல்தான் நம்மோடு சேர்ந்தது. 1933 டிசம்பரில், 28 வயது நிறைவதற்குள், அவர் மறைந்துவிட்டார். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கப் பாடியவர். இரவு தொடங்கினால் விடியும்வரை போகிற நாடகங்கள் அவை. கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டால் பாட்டு மறுபடி முளைக்கும். எவ்வளவு நேரம் போகும் என்பதைப் பாடுகிறவரும் கேட்கிறவர்களும் அங்கேயே முடிவுசெய்துகொள்வார்கள்.

நமக்கு மிஞ்சியிருப்பது அவருடைய 78 சுழற்சி இசைத்தட்டுகள் மட்டுமே. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். தேவாமிர்தவர்ஷிணியில் அவர் பாடிய தியாகராஜர் கீர்த்தனையை இன்றைக்கும் கேட்டுச் சொக்குகிறோம். அதைக் கேட்டுவிட்டு என் நண்பர்கள் சொல்லும் தீர்ப்பு இது: கிட்டப்பா பிருகாவில் மன்னர், ஆனால் விஸ்தாரம் அவருக்கு வராது, ராகத்தைக் கோடு காட்டிவிட்டு ஓடிவிடுவார். இது வகுப்பறைகளில் பாடமாகவே சொல்லப்படுகிறது.

ஓடியது கிட்டப்பாவா, கிராமபோன் ஊசியா? என் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்விதான். கிட்டப்பாவை வைத்தே இதைத் தீர்க்க வழியில்லை; அவர் மேடையில் பாடியதைப் பிடித்துவைத்த பதிவு நம் கையில் இல்லை. ஆகவே, கூடத்தில் வாசித்ததும் மேடையில் வாசித்ததுமாக இரண்டு வகைப் பதிவும் கிடைக்கிற கலைஞர்களிடம் போகவேண்டும். ஒரே ஆட்கள், அடுத்தடுத்த ஆண்டுகள், பதிவுசெய்த இடம் மட்டும் வேறு. அப்படி ஓர் உதாரணம் இருக்கிறது. தூரத்து உதாரணம்தான், ஆனால் அதில் பாதிக்கு மேல் நம் ஆட்கள்.

ஷக்தி

ஜான் மெக்லாஃப்லின் 1942இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்த கித்தார் கலைஞர். சிறுவனாக இருந்தபோது அவரைக் கித்தார்ப் பக்கம் இழுத்தது ப்ளூஸ். அமெரிக்கத் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரைப் பருத்திக்காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு அது. சுரத்தை நேராக வைக்காமல் கம்பியை வளைத்து, இரண்டு சுரங்களுக்கு நடுவே அழுத்தி நிறுத்துவது அதன் உயிர். அங்கிருந்து ஜாஸுக்குப் போனவர், 1970களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் வீணையைப் படிக்கத் தொடங்கினார். வயலின் எல். சங்கரோடு பழக்கமானதும் அங்கேதான். தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு டி.எச். விநாயக்ராம் என்று 'ஷக்தி' குழு சேர்ந்தது. மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் வி. ராகவன்; முதல் தட்டில் மட்டும் இருக்கிறார்.

அந்த முதல் தட்டைப் பாருங்கள். 1975 ஜூலை 5ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டு சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி. அதை அப்படியே பிடித்து 1976இல் வெளியிட்டார்கள். புதிய குழு ஒன்று தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்திக்கொள்ள மேடைப்பதிவைத் தேர்ந்தெடுத்தது என்பதை நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தட்டில் மொத்தம் மூன்றே உருப்படிகள். ஒன்று 18 நிமிடம், நடுவில் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சிறு உருப்படி, தட்டின் மறுபக்கம் முழுக்க 29 நிமிடத்துக்கு ஒன்று. கீழே அமர்ந்திருந்த மாணவர்களில் எத்தனை பேருக்கு ஆதிதாளம் தெரிந்திருக்கும்? ஆனால் அவர்கள் எங்கே கைதட்டுகிறார்கள், எங்கே மூச்சடக்குகிறார்கள் என்பது பதிவில் இருக்கிறது. அதற்கேற்ப மேடையில் சூடு ஏறுவதும் இருக்கிறது. கித்தார் ஒரு பிடியைப் போட, வயலின் அதை வாங்கி மாற்றிக் கொடுக்க, கடமும் தபலாவும் இடையில் புகுந்து கணக்கைத் திருப்ப, அந்தப் பேச்சுவார்த்தை முடியும்வரை உருப்படி நீள்கிறது. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நீள்வதும் இப்படித்தானே?

இனி அடுத்த பதிவுகளுக்கு வருவோம். 1976இல் லண்டனில் கூடத்துக்குள் அமர்ந்து இரண்டாவது தட்டைச் செய்தார்கள். 1977இல் மூன்றாவது. அந்த மூன்றாவது தட்டில் எட்டு உருப்படிகள்; எதுவுமே எட்டு நிமிடத்தைத் தொடவில்லை, ஒன்று இரண்டு நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. அழகான தட்டு, குறை சொல்லமாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். முதல் தட்டு தீயில் போய், மூன்றாவது மட்டும் பிழைத்திருந்தால் நம் ஆய்வேடுகள் என்ன எழுதும்? 'ஷக்தி குழுவினர் சின்னச் சின்ன மெட்டுகளில் வல்லவர்கள், விஸ்தாரம் அவர்களுக்கு வராது' என்றுதானே? 29 நிமிடம் வாசித்த அதே நான்கு பேரைப் பற்றி! செங்கோட்டைக்காரருக்கு நாம் இழைத்திருப்பது இதே அநியாயம்தான்.

மெக்லாஃப்லினின் கருவியும் என் தரப்புக்குச் சாட்சி சொல்ல வரும். ஷக்திக்கென்று அவர் செய்வித்த கித்தாரில் மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கி, கம்பியை ஆழமாக அழுத்தி இழுக்க வழிசெய்தார்கள். குறுக்கே சுருதிக்கென்று தனிக் கம்பிகளும் வைத்தார்கள். ப்ளூஸில் பழகிய வளைவை வீணையின் கமகத்தருகே கொண்டுவரும் முயற்சி அது. கமகத்துக்கு நேரம் வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் அதைக் காட்டலாம். காட்டிவிட்டு அங்கேயே வாழ முடியாது.

ஐம்பதாம் ஆண்டு

ஆண்டு விழாப் பதிவு என்றாலே நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். வயதான கை, நன்றிக் கைதட்டல், சபைக்காக வாசிப்பது, இதெல்லாம் எப்படிச் சான்றாகும் என்பார்கள். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ப்ளூஸ் மூத்தவர் ஜான் மேயலுக்கு 2003இல் லிவர்பூலில் 70ஆம் பிறந்தநாள் கச்சேரி வைத்து, எரிக் கிளாப்டனைக் கூப்பிட்டு, பதிவும் வெளியிட்டார்கள். மேயல் பிறந்தது நவம்பரில், கச்சேரி நடந்ததோ ஜூலையில். அறுபதாம் கல்யாணத்துக்கு முகூர்த்தத்தை முன்னே தள்ளிவைப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை போலும்.

1973ஐத் தொடக்கமாக வைத்து, 2023இல் ஷக்தி தன் ஐம்பதாம் ஆண்டுப் பயணம் போனது. மெக்லாஃப்லினுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஜாகிர் உசேன் உடன் இருந்தார். விநாயக்ராம் இருந்த இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு. வயலினுக்கு கணேஷ் ராஜகோபாலன். பாட்டுக்கு சங்கர் மகாதேவன். அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட கூடப்பதிவு பெருந்தொற்றுக் காலத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்து பதிந்து சேர்த்தது. 2024இல் கிராமி விருது வாங்கியது. 2024 டிசம்பர் 15இல் ஜாகிர் மறைந்தார். பயணத்தின் மேடைப்பதிவு 2025இல், அவர் இல்லாத உலகத்துக்கு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலதில் எல்லாரும் சரியாக வாசிக்கிறார்கள். இரண்டாவதில் ஒருவர் அடுத்தவரைச் சீண்டுகிறார். சீண்டுவதற்கு எதிரே ஆள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

மேடைப்பதிவு கலப்படமற்றது என்று நான் எங்கும் வாதாடவில்லை. எத்தனை மைக், எங்கே வைத்தார்கள், பிறகு எதை வெட்டினார்கள் என்பதெல்லாம் கேட்கப்படவேண்டியவை. 29 நிமிடத்தில் அந்த உருப்படி நின்றதற்கும் தட்டின் ஒரு பக்க அளவுக்கும் என்ன உறவு என்று யாராவது ஆராயலாம்.

நாகஸ்வரம், வில்

நேரம் போய்விட்டது. காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) பற்றி விரிவாகப் பேச வந்தேன். 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த சில நிமிட ஆபேரிதான் ஊரறிந்த காருகுறிச்சி. இரவெல்லாம் சுவாமி புறப்பாட்டில் வாசித்த காருகுறிச்சி அந்தச் சில நிமிடத்தில் அடங்குவாரா? ரசிகர்களிடம் உள்ள மேடைப்பதிவுகளை வைத்து ஒருவர் தனி நூலே எழுதலாம்.

வில்லுப்பாட்டும் அப்படித்தான். கொடைக்குப் பாடும்போது உடுக்கும் குடமும் வேகம் பிடிக்கும். பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். சாமி வருகிற நேரத்தில் கதை நின்று தாளம் மட்டும் ஓடும். அச்சுக்குப் போகும்போது இவற்றையெல்லாம் களைந்துவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நாட்டார் வழக்காற்றியல் நண்பர்களோடு இது தனிச்சண்டை. இன்னொரு மேடையில் வைத்துக்கொள்ளலாம்.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் வீடுகளில் கிடக்கும் ஸ்பூல் நாடாக்கள், கொடை விழா கேசட்டுகள் ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் வேண்டும். எந்த ஊர், என்ன விசேஷம், யார் பக்கவாத்தியம், மைக் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துக் குறிக்கவேண்டும். பதிவு செய்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடவேண்டும். கிட்டப்பாவோடு நடித்தவர்களும் அந்த நாடகங்களைப் பார்த்தவர்களும் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் எந்தப் பாட்டு எவ்வளவு நேரம் போனது என்ற தகவல் சிதறிக் கிடக்கும். அதை மட்டும் தொகுத்தாலே ஒரு முனைவர் பட்டத்துக்கு ஆகும். குற்றாலநாதர் கோயில் திருவிழா மேளத்தைப் பதிகிறவர்கள் அருவி இரைச்சலை வடிகட்ட வேண்டாம்; எவ்வளவு இரைச்சலுக்கு மேலே அந்த நாகஸ்வரம் கேட்கவேண்டியிருந்தது என்பது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவேண்டும். ஸ்பூல் ஓட்டும் கருவி ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்து வைக்க அறக்கட்டளையார் மனம்வைத்தால் இந்த வேலையை அடுத்த சீசனுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.