உப்பு வரியும் சட்டசபையும்



1919-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தைப் பெரும் வரப்பிரசாதமெனக் கொண்டாடியவர்கள் அதன் முகவுரையைச் சற்று ஊன்றிப் படித்திருந்தால் அத்தனை ஆரவாரம் செய்திருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். பொறுப்பாட்சியை நோக்கி இந்தியா எப்பொழுது, எவ்விதம் அடியெடுத்து வைப்பது என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கே உரியது என்று அது ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தது. தில்லிச் சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே பெரும்பான்மையினராயினும், ராணுவச் செலவு அவர்கள் வாக்குக்கு உட்பட்டதன்று. அவர்கள் நிராகரித்த மசோதாவையும் கவர்னர் ஜெனரல் தம் கையெழுத்தினால் சட்டமாக்கிவிடலாம்.

இந்தக் கையெழுத்தின் மகிமை 1923-இல் வெளிப்பட்டது. வரவு செலவில் விழுந்த துண்டை ஈடுகட்ட, மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரை ரூபாயாக்க நிதி மெம்பர் பாஸில் பிளாக்கெட் முனைந்தார். கூழுக்கு உப்பு வாங்கும் ஏழையின் தலையில் விழும் வரியாயிற்றே என்று சபை மறுத்தது, கவர்னர் ஜெனரல் ரீடிங் பிரபு கையெழுத்திட்டார், வரி இரட்டித்தது. மறுத்தவர்கள் தீவிரவாதிகள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். காங்கிரஸார் பகிஷ்கரித்த தேர்தலில் வந்த, அச்சட்டம் தந்த சீர்திருத்தத்தை நடத்திக் காட்டுவோம் என்று நம்பிய மிதவாதிகள் நிரம்பிய சபை அது! சர்க்காருக்கு ஆதரவாக இருக்கக்கூடியவர்களின் நம்பிக்கையையே அந்தக் கையெழுத்து உலுக்கிவிட்டது.

அடுத்த ஆண்டு காங்கிரஸில் ஒரு பிரிவினரான ஸ்வராஜ்யக் கட்சியார் சபைக்குள் வந்தனர். அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்று நம் சென்னை மாகாணத்து திவான் பகதூர் ரங்காச்சாரியார் கொணர்ந்த தீர்மானத்துக்கு, வட்டமேஜை மகாநாடு கூட்டவேண்டுமெனப் பண்டித மோதிலால் நேரு திருத்தம் கொடுக்க, அது 76-க்கு 48 என்ற வாக்குகளில் நிறைவேறியது. தீர்மானத்தோடு நில்லாமல், மார்ச்சு மாதத்தில் நிதி மசோதாவைச் சமர்ப்பிக்கவே சபை அனுமதி மறுத்தது. வழக்கம்போல் கையெழுத்து வந்தது. ஆனால் உப்பு வரி மட்டும் பழைய ஒன்றேகாலுக்கு இறங்கியது. வட்டமேஜைத் தீர்மானத்தைச் சரித்திர ஆசிரியர்கள் பெரிதாக எழுதுகிறார்கள். எனக்கோ இந்த ஒன்றேகால் ரூபாயே பெரிதாகத் தோன்றுகிறது.

அச்சட்டத்தின் நடைமுறையை ஆராயச் சர்க்கார் நியமித்த முட்டிமன் கமிட்டியில் பெரும்பான்மையோர் சில்லறைத் திருத்தங்களோடு திருப்தியடைந்தனர். தேஜ் பகதூர் சப்ரூ, சிவஸ்வாமி ஐயர், ஜின்னா, பராஞ்ச்பே ஆகிய நால்வரோ அச்சட்டம் மாகாணங்களில் புகுத்திய இரட்டையாட்சியின் அடிப்படையே பழுது என்று தனி அறிக்கை எழுதினர். கலகக்காரர் என்று எவரும் சொல்லத் துணியாத சிவஸ்வாமி ஐயரையே அந்த முடிவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது, அந்தச் சட்டம்.